ஆடி பிறக்குமுன் ஒரு வீடு

பெரியநாயக்கன்பாளையம்
11-6-1997

தம்பி தமிழ்வேந்தனுக்கு, அக்கா அன்புக்கரசி எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். பொங்கலன்று இலையில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறியவனை நலமா என்று கேட்க எனக்கென்ன தலையெழுத்தா? அம்மாதான் விடமாட்டேன் என்கிறாள். "ரோசத்தை அக்கட்டால வச்சுப்போட்டு அவனுக்கு ஒரு வரி எழுது கண்ணு" என்று காலையில் ஒரு தடவை, நான் ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து வந்ததும் ஒரு தடவை.

நான் அன்றைக்குச் சொன்னது தப்பில்லை. போன வருஷம் உன் கம்பெனியிலேயே வீட்டுக் கடனுக்கு எழுதிப் போட்டு, என் ஃபைல் ஒவ்வொரு மேஜையாக ஐந்து மாதம் உட்கார்ந்து எழுந்து, கடைசியில் கடன் வருவதற்குள் வீட்டை வேறொருத்தர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வயிறெரிந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே, "நான் எழுதற கம்ப்யூட்டர் புரோகிராம் வந்துட்டா பதினஞ்சு நாள்ல கடன், அக்கா" என்கிறாய். எனக்கு வராதா கோபம்? "மெஷினுக்கு வக்காலத்து வாங்கறவன் என்ற ஊட்டுல சோறு திங்காதே" என்றேன். நீயும் திங்காமலே போய்விட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பொங்கியண்ணன் என்று ஒரு பெரியவர். சர்க்கரைக்கு என்னிடம்தான் ஊசி போட்டுக்கொள்வார். பெங்களூரில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம், இங்கிருக்கும் சின்ன வீட்டை விற்கிறார். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு முருங்கை. நாம் யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் தருகிறேன் என்கிறார். பக்கத்தில் இருக்கிறவர்கள் முணுமுணுத்ததற்கு, "என்ற ஊட்டை நான் யாருக்கு வித்தா உங்களுக்கென்னுங்க" என்று வாயை அடைத்துவிட்டார்.

ஆனால் ஒரு கெடு வைத்திருக்கிறார். ஆடி பிறந்துவிட்டால் பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டார். நல்ல காரியம் எதையும் ஆடியில் செய்கிற வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை. ஆடி கழிந்ததும் பெங்களூர் போயாக வேண்டும், அதனால் ஆனிக்குள் நம்மால் முடியாவிட்டால் ரொக்கத்தோடு தயாராக இருக்கும் திருப்பூர்க்காரருக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்.

நாங்கள் ஆறு வருஷத்தில் நான்காவது வாடகை வீட்டில் இருக்கிறோம் தம்பி. குடிபோகும்போது இனிக்க இனிக்கப் பேசுவார்கள். இரண்டு மாதம் போனதும், "நீங்க எந்தப் பக்கமுங்க அம்மணி?" என்று ஒரு விசாரிப்பு. அதற்கப்புறம் மகனுக்கு வீடு வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் வெள்ளையடிக்க வேண்டியிருக்கும். இந்த வீட்டுக்காரம்மாவும் போன வாரம் விசாரித்துவிட்டாள்.

உன் மாமாவுக்கு லேத் பட்டறையில் வாரக்கூலி. கையில் கொடுக்கிற காசு, சம்பளச் சீட்டு கிடையாது, அதனால் கடன் கம்பெனியில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். என் சம்பளம் மட்டும் போதாது. நீயும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். உன் புரோகிராம்தான் அங்கே ஓடுகிறதாமே, மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியும் வை.

கேட்டுவிட்டேன். இதற்கு மேல் கெஞ்ச வராது.

அன்புக்கரசி

*

சென்னை
15-6-1997

அன்புள்ள அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும், அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். அறையில் மற்ற மூன்று பேர் முன்னால் பிரிக்க மனம் வராமல் மொட்டை மாடிக்குப் போய்ப் படித்தேன். முதல் பத்தியிலேயே திட்டியிருந்தாய். அப்பாடா என்று இருந்தது.

கையெழுத்தெல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறேன். சம்பளச் சீட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழ் நகல், வருமான வரிக் கணக்கு எல்லாம் கூடவே இருக்கின்றன. வீடு உன் பெயரிலும் என் பெயரிலும் இருக்கட்டும். தவணையில் என் பங்கை மாதாமாதம் கட்டிவிடுவேன்.

ஆனால் மேனேஜரிடம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். கோபப்படாதே, முழுக்கப் படி.

போன வருஷம் உன் ஃபைல் ஏன் ஐந்து மாதம் ஆயிற்று தெரியுமா? ஒருவர் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளுவார். அவர் லீவு. அவர் வந்த பிறகு வக்கீலுக்குப் போகும். வக்கீல் பத்திரத்தைப் பார்த்துக் கொடுத்த பிறகுதான் இன்ஜினீயர் வீட்டைப் பார்க்கப் போவார். நடுவில் யாராவது சிபாரிசோடு வந்தால் அவர் ஃபைல் மேலே ஏறும், உன்னுடையது கீழே போகும். அன்றைக்கு நாம் கீழே போனதே இன்னொருவரின் ஒரு வார்த்தையால்தான் இருக்கும்.

இப்போது அப்படி இல்லை. படிவத்தில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் போதும். எவ்வளவு கடன், எத்தனை வருஷம், மாதம் எவ்வளவு, இவர்களால் கட்ட முடியுமா என்பதை அங்கேயே சொல்லிவிடும். சரி என்றால் வக்கீலுக்கும் இன்ஜினீயருக்கும் ஒரே நாளில் தாள் போகும். யாருடைய ஃபைலும் யாருடைய ஃபைலுக்கும் மேலே ஏற முடியாது. நான் ஒன்றரை வருஷம் கண் விழித்து எழுதியது அது. அதில் நானே சிபாரிசு நுழைக்கட்டுமா?

மாமாவிடம் சொல்லி முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல். ஆடிக்குள் முடியும், அக்கா. நம்பு.

தமிழ்

*

பெரியநாயக்கன்பாளையம்
24-6-1997

தம்பிக்கு,

நம்பினேன். நேற்று டூட்டியை மாற்றிக்கொண்டு, உன் மாமாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அவினாசி ரோட்டு ஆபீசுக்குப் போனேன். உள்ளே கண்ணாடி, ஜில்லென்று ஏசி. கீதா என்று ஒரு பெண், மரியாதையாகத்தான் உட்கார வைத்தாள். படிவத்தைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "சம்பளமெல்லாம் தாராளமாப் போதுமுங்க" என்று சிரித்தாள். எனக்கு அப்போதே பால் காய்ச்சின மாதிரி இருந்தது.

கடைசியில் ஒரு பட்டனைத் தட்டினாள். சிரிப்பு போய்விட்டது. மறுபடி தட்டினாள். அந்தப் பெட்டி கரகரவென்று ஒரு சீட்டை அச்சடித்துத் துப்பியது. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கிடையாது.

"என்னுங்க காரணம்?" என்றேன். "எனக்கும் தெரியலீங்கக்கா. கம்ப்யூட்டர் வேண்டாம்னு சொன்னா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றாள். மேனேஜர் சென்னகேசவன் வந்து பார்த்தார். அவரும் கையை விரித்துவிட்டார்.

வரும் வழியெல்லாம் உன் மாமா அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். உன்னைத்தான் கேட்கிறேன். அந்தப் பெட்டிக்கும் நாம் எந்தப் பக்கம் என்று தெரிந்துபோச்சா தம்பி? அதற்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்களா? மனுஷனாவது மகனுக்கு வீடு வேண்டும் என்று ஒரு பொய்க் காரணமாவது சொல்வான். நீ ஒன்றரை வருஷம் கண் விழித்துச் செய்த மெஷினுக்கு அந்த மரியாதைகூடத் தெரியவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் முருங்கைக்குப் பக்கத்தில் கருவேப்பிலை வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புக்கரசி

*

சென்னை
27-6-1997

அக்கா,

சாதிக்கு அந்தப் புரோகிராமில் இடமே கிடையாது. அப்படி ஒரு கட்டமே நான் வைக்கவில்லை. அதை முதலில் நம்பு.

ஆனால் காரணம் அதைவிட அசிங்கம். காரணம் நான்தான்.

கிளைகளிலிருந்து வாராவாரம் ஃப்ளாப்பியில் இங்கே வரும் கணக்கில் நம் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். போன வருஷம் சில பேர் சம்பந்தமே இல்லாத ஆளைக் கூட்டிவந்து, தம்பி, தங்கை என்று சொல்லி, இரண்டு சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஏமாற்றினார்கள். அதைப் பிடிக்க நான் ஒரு விதி எழுதினேன். உடன்பிறந்தவர்கள் என்று போட்டிருந்து, இரண்டு பிறந்த தேதிக்கும் நடுவில் ஒன்பது மாதத்துக்குக் குறைவாக இருந்தால், இரட்டைப் பிள்ளைகளாகவும் இல்லாவிட்டால், அது பொய். தள்ளிவிடு. எங்கள் மேலதிகாரி சுரேந்தர் சார் அதற்காக என் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

உன் சான்றிதழில் பிறந்த தேதி 12-1-1969. என்னுடையதில் 3-6-1969. நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை.

என் தேதி எனக்குத் தெரியும், உன்னுடையதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்து நான் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்துத் தேதி என்பது பள்ளிக்கூடத்துக்கு, நிஜ வயசு வீட்டுக்கு என்றே வளர்ந்துவிட்டோம். அதை மெஷினுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரே ஒரு வரியை அழித்தால் போதும். நேற்று ஆபீசில் யாரும் இல்லாத நேரம், விசைப்பலகையில் கைகூட வைத்துவிட்டேன். நம் ஃபைலை மட்டும் உள்ளே விட்டுவிட்டு மறுபடி அந்த வரியைப் போட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. செய்ய முடியவில்லை, அக்கா. திட்டு. ஆனால் செய்ய முடியவில்லை. நாளைக் காலையில் சுரேந்தர் சாரிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன்.

தமிழ்

*

பெரியநாயக்கன்பாளையம்
30-6-1997

தம்பி,

முதலில் படித்துவிட்டு உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அப்புறம் உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. "உன்ற தம்பி வச்ச பொறியில உன்ற தம்பியே உழுந்துட்டானே" என்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. நாம் யார் என்று பார்த்து அந்தப் பெட்டி தள்ளவில்லை என்றதுமே நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மாவும் அய்யனும் தோட்டத்துக் கூலிக்குப் போனால் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால் ஐந்து வயதில் சேர வேண்டிய நான் பள்ளிக்கூடம் போகாமல் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். உனக்கு ஐந்து ஆனதும் அம்மா இரண்டு பேரையும் ஒரே நாளில் கொண்டுபோய் விட்டாள். ஹெட்மாஸ்டர் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். எட்டினால் ஐந்து வயசு முடிந்தது என்று கணக்கு. நான் தொட்டேன். உனக்கு எட்டவில்லை, தலையைச் சாய்த்துத் தொட்டுவிட்டாய். "ரெண்டும் ஒண்ணாவது" என்று சொல்லி அவர் இஷ்டத்துக்கு எனக்கு ஒரு தேதி, உனக்கு ஒரு தேதி எழுதிக்கொண்டார்.

உன்னைத் தூக்கிச் சுமந்த இரண்டு வருஷத்தை அவர் எழுதாமல் விட்டுவிட்டார். அதைத்தான் உன் மெஷின் கேட்கிறது, எங்கே போச்சு என்று. கேட்கட்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் துளிகூடக் கலங்கவில்லை. "பெத்தவ நானிருக்கறப்ப வேற யாரைக் கேக்கறாங்க? என்னைக் கூட்டீட்டுப் போ" என்கிறாள்.

ஆனால் நாள் ஓடுகிறது. நேற்று பொங்கியண்ணன் நேரிலேயே வந்துவிட்டார். "அம்மணி, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆடி பொறந்துட்டா என்னால முடியாதுங்க. திருப்பூர்க்காரரு தினம் போன் பண்றாருங்க" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. இந்த வீட்டுக்காரம்மா நேற்று வெள்ளையடிக்கிற ஆளோடு வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. ஏதாவது செய்.

அக்கா

*

சென்னை
3-7-1997

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். திங்கட்கிழமை காலை கோவையில் இருப்பேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்துவிடு.

சுரேந்தர் சாரிடம் சொன்னேன். முதலில் முறைத்தார். "இது உங்க சொந்த ஃபைல், நீங்க தொடக் கூடாது" என்றார். பிறகு, "இப்படித் தள்ளினது இது ஒண்ணுதானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை பார். உட்கார்ந்து தேடினேன். நம்மைத் தவிர, ஏப்ரலிலிருந்து இதே காரணத்துக்காக ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி, கோவை என்று பதினோரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. பதினோரு வீட்டிலும் யாரோ ஒருவர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைப் போலவே பஸ் ஏறியிருப்பார். உன்னைப் போலவே நினைத்தும் இருப்பார். எனக்குத் தாங்கவில்லை.

இனிமேல் மெஷின் தள்ளாது. இன்ன காரணத்தால் சந்தேகம் என்று எழுதி, மேனேஜர் விசாரிக்கட்டும் என்று நிறுத்தி வைக்கும். பெற்றவர்களோ பெரியவர்களோ நோட்டரி முன்னால் பிரமாணம் எழுதிக் கொடுத்தால் மேனேஜர் ஏற்றுக்கொள்ளலாம். மாற்றத்தை சுரேந்தர் சாரே சரிபார்த்து முத்திரை வைத்த ஃப்ளாப்பியைத்தான் கொண்டுவருகிறேன். ஆனால் நம் விசாரணை நடக்கும்போது நான் அந்த அறையில் இருக்கக் கூடாது. உத்தரவு.

திங்கட்கிழமை சாப்பாடு போடுவாயா?

தமிழ்

*

பெரியநாயக்கன்பாளையம்
16-7-1997

என் கண்ணுத் தம்பிக்கு,

முடிந்தது! முடிந்தது! முடிந்தது! முந்தாநாள் திங்கட்கிழமை பத்திரம் பதிவாகிவிட்டது. பொங்கியண்ணன் வெள்ளை வேட்டி கட்டி வந்து கையெழுத்துப் போட்டார். இன்று, ஆனி முடிவதற்குள், பால் காய்ச்சிவிட்டோம். பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. கருவேப்பிலையும் வைத்தாயிற்று.

நீ ரயிலேறிய மறுநாளே கீதா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கடன் சரி என்றாள். அன்றைக்கே வக்கீல் பத்திரத்தை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் இன்ஜினீயர் டேப்போடு வந்து வீட்டை அளந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பொங்கியண்ணன் பெயருக்குச் செக் தயார். கூடவே கொடுத்த கடன் உத்தரவை நான் மூன்று தடவை வாங்கிப் பார்த்தேன், என் பெயர்தானா என்று. போன வருஷம் ஐந்து மாதம், இந்த வருஷம் ஐந்து நாள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்கு நீ சிரித்தது மட்டும்தான் தப்பு.

உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே என்ன நடந்தது என்று நீ நூறு தடவை கேட்டும் அம்மா சொல்லாமல் சிரித்தாளே, நான் சொல்கிறேன், கேள்.

சென்னகேசவன் சார் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். "அம்மா, இவங்க ரெண்டு பேருமே உங்க புள்ளைங்கதானுங்களா?" என்றார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமாங்க சார். மூத்தவ பொறந்தது மஞ்ச வெட்டற மாசமுங்க. சின்னவன் பொறந்தது நெலக்கடலை பொறுக்கற மாசம். நடுவுல முழுசா ரெண்டு மஞ்ச வெட்டு போச்சுங்க. அந்த ரெண்டுக்கும் வவுத்துல புள்ள இல்லாமத்தான் கூலிக்குப் போனேன்" என்றாள்.

"ஆனா கம்ப்யூட்டர் அஞ்சு மாசம்கூட இல்லைங்குதே" என்றார்.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பொட்டி கேட்டது நாயமான கேள்விதானுங்க சார். ஆடுகூட அஞ்சு மாசம் செமக்குமுங்க. இதை அன்னைக்கு எழுதறப்பவே அந்த வாத்தியாரு கேட்டிருக்கோணும்!"

கீதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க ஊட்டுலயும் இந்தக் கதைதானுங்கம்மா. பள்ளிக்கூடக் கணக்குல என்ற தம்பி எனக்கு அண்ணனுங்க" என்றார். அம்மா நோட்டரி தாளில் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள். எழுந்திருக்கும்போது, "பொட்டியைத் திட்டாதீங்க சார், அது என்ற மகன் செஞ்சது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்கு நீ மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டதை நான் கண் வைக்கவில்லை. ஆனால் பார்த்தேன்.

அக்கா

*

சென்னை
22-7-1997

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தை ஆபீசில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆடு விஷயத்துக்கு சுரேந்தர் சார் நாற்காலியிலிருந்து விழாத குறை. விதிக்குப் புரோகிராமில் ஒரு பெயர் வைக்க வேண்டும், "சின்னத்தாயி" என்று அம்மா பெயரையே வைத்துவிட்டார்கள். இனி எந்த ஊரில் எந்தக் கிளையில் சந்தேகம் வந்தாலும், உள்ளே அம்மாதான் நிறுத்தி விசாரிப்பாள்.

பதினோரு குடும்பத்துக்கும் கம்பெனி வருத்தம் தெரிவித்துக் கடிதம் போட்டது. எட்டுப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு பேர் வேறிடத்தில் கடன் வாங்கிவிட்டார்களாம். பொள்ளாச்சி அண்ணன் தம்பி குடும்பம் மட்டும் வர மாட்டோம் என்று சொல்லிவிட்டது. நான் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அடித்தாலும் சரி.

நேற்று வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன். வீடு எப்படி இருக்கிறது? எழுது.

தமிழ்

*

பெரியநாயக்கன்பாளையம்
2-8-1997

தம்பிக்கு,

வீடு வீடாகத்தான் இருக்கிறது. சமையல்கட்டில் ஒரு ஓடு ஒழுகுகிறது. ஆடிக் காற்றில் முருங்கைக் கிளை ஒன்று ஒடிந்து விழுந்தது. உன் மாமா வீட்டில் ஆணி அடிக்காத சுவரே இல்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள் அல்லவா, அத்தனை வருஷத்து ஆணியையும் மொத்தமாக அடித்துத் தீர்க்கிறார். பொள்ளாச்சிக்குப் போனால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. உன்னைவிட அவள் நன்றாகப் பேசுவாள்.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று கரண்ட் ரீடிங் எடுக்க ஒரு ஆள் வந்தார். நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து, "ஏனுங்க, ஊட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க, மீட்டர் கார்டு வேணும்" என்றார்.

"இருங்க, கூப்பிடறேன்" என்றேன். மாவுக் கையோடு அவரைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்து, கேட்டைத் திறந்து, தெருவில் இரண்டு பக்கமும் பார்க்கிறேன், ஊட்டுக்காரம்மாவைக் கூப்பிட. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கிறேன். ஒரு நிமிஷம் ஆயிற்று தம்பி எனக்கு.

திரும்பி வந்து, "நாந்தானுங்க ஊட்டுக்காரி" என்றேன். அந்த ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, "அப்ப உள்ள வரலாமுங்களா?" என்று கேட்டார்.

வாங்க என்றேன்.

அக்கா
அன்புக்கரசி